முழங்கை தூரத்துப் புகைபோக்கி

தை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் நாலைந்து காலி மனைகள் கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் அங்கே புல்லாக எழுந்து இடுப்பளவு நின்றது. பாம்பு போவதைப் பார்த்ததாக யாரோ சொல்ல, சென்னையில் இருக்கும் மனைக்காரர் போனிலேயே ஆள் பேசிவிட்டார். காலை ஏழு மணிக்கு எக்ஸ்எல் வண்டியில் ஒரு நீளமான மெஷினைக் குறுக்கே கட்டிக்கொண்டு வந்து இறங்கினார் அவர். முப்பத்தைந்து வயது இருக்கும். சொந்த ஊர் குமராட்சிப் பக்கம் என்றார்.

முதல் வேலையாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தார். உள்ளே இருந்தது பெட்ரோல். பச்சை நிற ஆயிலை ஒரு சின்ன அளவுக் குப்பியில் பார்த்து ஊற்றி, மூடி, இருமல் மருந்தைக் குலுக்குவதுபோல் குலுக்கினார்.

"லிட்டருக்கு நாப்பது மில்லி சார். கம்மியா ஊத்துனா பிஸ்டன் புடிச்சிக்கும். ஜாஸ்தியா ஊத்துனா பொகையா தள்ளும்."

ஸ்டார்ட்டர் கயிற்றை மூன்று முறை இழுத்தார். நாலாவது இழுப்பில் மெஷின் உறுமியது. அடுத்த நிமிடம் நீலப் புகையும், அதன் பின்னாலேயே அந்த வாசனையும் வந்தன. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த வாசனையை விளக்க வேண்டியதில்லை. ஆர்எக்ஸ் 100, ராஜ்தூத், பழைய டிவிஎஸ் 50, பழைய ஆட்டோ எல்லாம் சேர்ந்த வாசனை அது. எனக்கு அதில் கொஞ்சம் ஏக்கம்கூட உண்டு. கல்லூரி வாசலின் வாசனை.

ஆர்எக்ஸ் 100 நின்றது 1996இல். டிவிஎஸ்ஸின் மொபெட்கூட 2015இல் எக்ஸ்எல் 100 ஆக வந்தபோது ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டது. சாலையிலிருந்து அநேகமாகத் துடைத்து எறியப்பட்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சின், புல் வெட்டும் மெஷினில் மட்டும் சௌகரியமாகக் குடியிருக்கிறது. பிரஷ் கட்டர் என்பது அதன் கடைப் பெயர். எங்கள் பக்கத்தில் 'புல்லு வெட்டுற மெஷின்' என்றாலே போதும்.

சாலையை விட்டுப் போனதற்கும் இங்கே தங்கியதற்கும் காரணம் ஒன்றுதான்: அதன் எளிமை. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் மூச்சை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, வெளியே விடுவது என்று நான்கும் தனித்தனி வேலை. அதற்கு வால்வு வேண்டும், அதைத் திறந்து மூட ஏற்பாடு வேண்டும், ஆயிலுக்குத் தனித் தொட்டி வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒரு முறை மேலே போய்க் கீழே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் துளைகள்தான். ஆயில் பெட்ரோலோடு கலந்தே வருவதால் மெஷினைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் ஓடும். தோளில் மாட்டிக்கொண்டு வரப்பு மேட்டிலும் வாய்க்கால் சரிவிலும் வீசி வீசி வெட்டுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

கோளாறும் அந்த எளிமையிலேயே இருக்கிறது. எரிந்த புகையை வெளியே தள்ளுவதற்கென்று டூ ஸ்ட்ரோக்கில் தனி வேலை கிடையாது. உள்ளே வரும் புதுப் பெட்ரோல் கலவைதான் பழைய புகையைத் தள்ளுகிறது. கூட்டமான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலில் ஏறுகிறவர்கள் நெருக்க, உள்ளே இருப்பவர்கள் பின்வாசலில் இறங்குகிறார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் இப்போதுதான் ஏறியவர்களில் சிலரும் பின்வாசல் வழியே வெளியே வந்து விழுகிறார்கள். அப்படி எரியாமலே வெளியேறும் பெட்ரோல், ஊற்றியதில் கால் பங்கு, சில சமயம் முப்பது சதவீதம்வரை போகும். கூடவே பாதி வெந்த ஆயில். அந்த ஏக்க வாசனை இதுதான்.

கலிஃபோர்னியாவின் காற்று வாரியம் இப்படிப்பட்ட சின்ன எஞ்சின்களுக்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. அங்கே தொழில்முறையாகப் புல் வெட்டுகிறவர்களின் பெட்ரோல் மெஷினை ஒரு மணி நேரம் ஓட்டினால், புகைமூட்டத்தை உண்டாக்கும் மாசு, 2016ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி காரை 300 மைல் ஓட்டுவதற்குச் சமம். சருகு ஊதும் மெஷின் என்றால் 1,100 மைல். கார் சுத்தமானது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கார் எஞ்சினுக்கு நாற்பது ஐம்பது வருடமாகச் சட்டம் மூக்கணாங்கயிறு போட்டுக்கொண்டே வந்தது; சின்ன எஞ்சினிடம் அந்த அளவுக்குக் கண்டிப்பு காட்டவில்லை. கடைசியில் 2021இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றி, 2024ஆம் ஆண்டு மாடலிலிருந்து இப்படிப்பட்ட புதிய சின்ன எஞ்சின்களைப் புகையில்லாதவையாக மட்டுமே விற்க வேண்டும் என்று சொன்னது. வாஷிங்டன் நகரம் 2022 ஜனவரி 1 முதல் பெட்ரோல் சருகூதிகளைத் தடை செய்துவிட்டது.

அமெரிக்கப் புல்தரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடலூரில் வீட்டுக்கு வீடு பச்சைக் கம்பளம் விரித்து வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் முந்திரித் தோப்பு, தென்னந்தோப்பு, மின்கம்பிப் பாதை, கல்லூரி மைதானம், காலி மனை, சாலையோரம் என்று மெஷினுக்கு வேலை வருடம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அதை ஓட்டுகிறார். இங்கே ஓட்டுகிறவருக்கு அதுதான் பிழைப்பு. நாளைக்கு ஐந்து, ஆறு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். ஆகவே நாம் அளக்க வேண்டியது வேறு தூரம்: புகைக்குழாய்க்கும் அந்த மனிதருடைய மூக்குக்கும் இடையே உள்ள தூரம்.

அன்றைக்கு நான் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மெஷினின் எஞ்சின் அவருடைய வலது முழங்கைக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. புகைக்குழாயிலிருந்து மூக்குக்கு ஒரு முழம், மிஞ்சினால் ஒன்றரை. காற்று எதிர்ப்பக்கம் வீசினால் புகை போய்விடும். நின்றுவிட்டாலோ, மதில் மூலையில் வெட்டினாலோ அதே புகைக்குள்தான் மூச்சு. அதில் கார்பன் மோனாக்சைடு நிறைய. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் வாயு அது. மத்தியானத்துக்கு மேல் வரும் தலைவலியை அவர் வெயிலின் கணக்கில் எழுதிவிடுகிறார். வெயிலுக்கும் பங்கு உண்டுதான்.

அடுத்தது சத்தம். காதருகே 95 டெசிபெல்லைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் இந்த மெஷின். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரத்தைப் பாதியாக்கு என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் வாய்ப்பாடு. 88க்கு நாலு மணி, 91க்கு ரெண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி. காதில் அடைப்பு இல்லாமல் ஒரு காலை வேளை வெட்டினாலே பல நாள் பங்கு தீர்ந்துபோகிறது. அவர் காதில் துண்டு கட்டியிருந்தார், வெயிலுக்காக. அதிர்வு மூன்றாவது. கைப்பிடியின் நடுக்கம் வருடக்கணக்கில் விரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் நரம்பையும் கெடுக்கும். குளிர் நாட்டில் விரல் வெளுத்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊர்ச் சூட்டில் வெளுப்பது கண்ணில் படாது; மரத்துப்போவது மட்டும் மிஞ்சும். "நைட்டு சட்டைப் பட்டன் கழட்டும்போது விரலு சொன்னபடி கேக்காது சார்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இந்த இடத்தில் புல்லின் கட்சியையும் கொஞ்சம் பேச வேண்டும். செம்மண்டலத்தில் உட்கார்ந்துகொண்டு புல்லைக் களை என்று ஏசுவது நன்றாக இருக்காது. இங்கேதான் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோசி 671 போன்ற ரகங்களின் பெயரில் 'கோ' கோயம்புத்தூர், 'சி' கடலூர். கரும்பு ஒரு புல். தெற்கே போனால் சிதம்பரம் வரைக்கும் நெல், அதுவும் புல். கடலோர மணலில் வெட்டிவேர், அதுவும் புல்தான். இந்த மாவட்டமே ஒரு வகைப் புல்லை வளர்த்து, இன்னொரு வகைப் புல்லை வெட்டிப் பிழைக்கிற மாவட்டம்.

புல்லை எத்தனை முறை வெட்டினாலும் ஏன் திரும்ப வருகிறது? மற்றச் செடிகள் நுனியில் வளர்கின்றன. நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளையின் நீட்டம் நிற்கும். புல்லின் இலையோ அடியில் வளர்கிறது. வளரும் திசுக்கள் தரையை ஒட்டிய அடிப்பகுதியில் உறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. நாம் வெட்டுவது ஏற்கெனவே வளர்ந்து முடிந்த பழைய பாகத்தை. சவரம் செய்வதுபோலத்தான். அறுகு இன்னும் ஒரு படி மேலே: தரைக்கு மேல் ஓடும் தண்டு, தரைக்குக் கீழ் ஓடும் தண்டு இரண்டும் அதற்கு உண்டு. கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு. தாவர நூல் கணக்கில் கோரை புல்லே கிடையாது, பங்காளி வீடு. மெஷின்காரருக்கு அந்த வேறுபாடு தேவைப்படாது.

மேய்கிற வாய்க்கு ஏற்ற உடம்பு இது. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த டைனோசர் சாணப் படிமத்துக்குள் புல்லின் அடையாளங்கள் இருப்பதை 2005இல் இந்திய விஞ்ஞானிகளும் சுவீடன் விஞ்ஞானி ஒருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். ஆறரைக் கோடி வருடத்துக்கு முந்தைய சாணம். அதில் நெல் குடும்பத்துக்கு நெருங்கியவையும் இருந்தன. இத்தனை காலம் தாங்கி நின்றது இலையல்ல, இலைக்குள் இருந்த சிலிக்கா துகள்கள். கண்ணாடியும் மணலும் எந்தப் பொருளோ, அதே பொருள். நெல் வயலில் நடந்தால் காலில் கோடு கோடாகக் கீறுவதும், அறுப்பின்போது அரிவாள் சீக்கிரம் மழுங்குவதும் அதனால்தான்.

அந்தப் புல்லை வெட்ட இரண்டே வழிகள்தான் இருக்கின்றன. ஒன்று, கத்தரிப்பது: ஒரு பக்கம் அலகு, மறுபக்கம் தாங்குவதற்கு ஏதாவது. இன்னொன்று, அடிப்பது: புல் வளைந்து ஒதுங்குவதற்குள் அறுந்துபோகும் வேகத்தில் அடிப்பது. பிரஷ் கட்டர் இரண்டாவது ரகம். அதன் நைலான் கயிறு நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் நீண்டு, நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்தால் நுனியின் வேகம் நொடிக்கு 125 மீட்டர். மணிக்கு 450 கிலோமீட்டர். அதில் பட்ட கூழாங்கல் பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடியை என்ன செய்யும் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. எஞ்சின் தரும் ஒரு கிலோவாட் அளவில் பெரும்பங்கைக் காற்றைக் கடைவதிலேயே அது செலவழிக்கிறது. புல்லுக்குப் போவது கொஞ்சம்.

இந்தக் கயிற்றுத் தலை 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவருக்குத் தோன்றியது. கார் கழுவும் நிலையத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்துவிட்டு வந்து, பாப்கார்ன் டப்பாவில் தூண்டில் நரம்பைக் கட்டிச் சுழற்றிப் பார்த்தாராம். கத்தரிக்கும் மெஷினுக்கு வயது இன்னும் ஜாஸ்தி. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் ஊரில் எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேல் நிற்கும் பிசிறைச் சீவும் ஆலை மெஷினைப் பார்த்தவருக்கு, தரையில் நிற்கும் பிசிறையும் அப்படியே சீவலாமே என்று தோன்றியது. உருளையில் சுருளாகச் சுற்றிய அலகுகள், கீழே அசையாத ஒரு தகடு. தள்ளத் தள்ளச் சக்கரமே உருளையைச் சுழற்றும். இன்றைக்கும் கையால் தள்ளும் புல்வெட்டிக்கு இதே அமைப்புத்தான். அது வெட்டிய புல்லின் நுனி சீராக இருக்கும். கயிறு அடித்த புல்லின் நுனி நார் நாராகக் கிழிந்து மறுநாள் பழுத்துப்போகும். ஆனால் இடுப்பளவு புல்லில் தள்ளுவண்டி நகராது. வாரா வாரம் சீவுகிற மைதானத்துக்குத்தான் அது சரி. பல்கலைக்கழகம், கல்லூரி என்று சமதளப் புல்தரை உள்ள இடங்களில் அதை விட்டுவிட்டு எஞ்சினைத் தூக்கியது நம் அவசரம் என்பது என் எண்ணம்.

நம்முடைய கருக்கரிவாளும் கத்தரிக்கிற ஜாதிதான். இடது கை புல்லைக் கொத்தாகப் பிடிக்கிறதே, அதுதான் பட்டிங்கின் கீழ்த்தகடு. ரம்பப் பல் ஒவ்வொன்றாகத் தண்டைப் பிடித்து இழுத்து அறுக்கிறது. 450 கிலோமீட்டர் வேகம் எதற்கும் தேவையில்லை. ஒரு ஆள் நாள் முழுக்கத் தாக்குப்பிடித்துத் தரக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட், பழைய குண்டு பல்பு அளவு. கணக்குப்படி மெஷின் பதின்மூன்று ஆளுக்குச் சமம். பதின்மூன்று பேர் கருக்கரிவாளோடு அந்த மனையில் இறங்கினால் மெஷினுக்கு முன்பே முடித்துவிடுவார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன். பதின்மூன்று பேர் கிடைக்கமாட்டார்கள் என்பதும், கிடைத்தாலும் குனிந்த இடுப்பு சாயங்காலம் நிமிராது என்பதும்தான் மெஷின் ஜெயித்த கதை.

இன்னொன்றையும் மெஷின் மாற்றிவிட்டது. அரிவாளால் அறுத்தது புல்லுக்கட்டு. தலையில் ஏற்றி வீட்டுக்குப் போனால் மாட்டுக்கு இரை. கயிறு அடித்தது கூழ். மண்ணும் பெட்ரோல் வாடையுமாகச் சிதறிக் கிடப்பதை எந்த மாடு மோந்து பார்க்கும்? தீவனமாக இருந்த பொருள் குப்பையாகி, நாலு நாள் கழித்துக் கொளுத்தப்படுகிறது. அந்தப் புகை தனிக்கணக்கு.

சரி, பேட்டரிக்கு வருவோம்.

ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் 0.15இலிருந்து 0.2 யூனிட் வரை. போட்டியே இல்லை என்று தோன்றும். ஆனால் சின்ன டூ ஸ்ட்ரோக் எஞ்சின் தனக்கு ஊற்றியதில் 15 சதவீதத்தை வேலையாக மாற்றினால் பெரிது. மிச்சம் சூடு, சத்தம், எரியாத பெட்ரோல். மின் மோட்டார் 85 சதவீதத்தை வேலையாக்கும். அப்படிப் பார்த்தால் எழுபது மடங்கு வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு மடங்காகச் சுருங்கும். இருந்தாலும் அது சின்ன வித்தியாசம் இல்லை. 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 180 வாட்-மணி. நம்மவருடைய ஒரு பாட்டில் பெட்ரோல் செய்கிற வேலைக்கு அப்படி ஒன்பது பேட்டரி வேண்டும். பாட்டில் பெட்டிக்கடையில் கிடைக்கும். ஒன்பது பேட்டரியின் விலைக்கு இன்னொரு பெட்ரோல் மெஷினே வாங்கிவிடலாம்.

ஓட்டும் செலவு மட்டும் தலைகீழ். ஒரு லிட்டர் பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல், ஆயில் தனி. அதே வேலைக்குச் சுவர் பிளக்கிலிருந்து ஏறக்குறைய 1.8 யூனிட் மின்சாரம்.

அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? கடலூர்க்காரன் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கிய கதை. 1956இல் நிறுவனம், 1957இல் சுரங்கம், 1962இல் மின்சாரம். அங்கே கிடைப்பது பழுப்பு நிலக்கரி. தோண்டி எடுக்கும்போது எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோ போல எரிக்க வேண்டும். கரியமில வாயு 1.1 முதல் 1.2 கிலோ வரை வெளியேறும்.

இனி தாளும் பேனாவும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கரியமில வாயு 2.3 கிலோ. அதே வேலைக்குப் பிளக்கில் 1.8 யூனிட், கம்பியில் போகும் இழப்பைச் சேர்த்தால் மின் நிலையத்தில் 2 யூனிட். அது முழுக்க நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி என்றால் வாயு 2.2இலிருந்து 2.4 கிலோ. சமம்! இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். தப்பில்லை. நல்லவேளையாக நம் பிளக்கில் வருவது நெய்வேலி மட்டும் இல்லை. காற்றாலை, சூரிய ஒளி, நீர், அணு எல்லாம் கலந்த இந்தியச் சராசரி யூனிட்டுக்கு 0.7 கிலோ போல. அப்படியானால் 1.4 கிலோ. பெட்ரோல் எஞ்சின் கையை எடுத்த பிறகும் சும்மா நின்று புகைந்துகொண்டிருக்கும், மோட்டார் அப்படியில்லை. அதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் லாபம். நெய்வேலியிலேயே சூரிய மின் நிலையம் வைத்துவிட்டார்கள். வருடாவருடம் கணக்கு மோட்டார் பக்கம் சாயும். ஆனாலும் வானத்தைக் காப்பாற்ற பேட்டரிப் புல்வெட்டி வாங்குகிறேன் என்று கடலூரில் ஒருவர் சொன்னால், கொஞ்சம் அடக்கி வாசியுங்கள் என்றுதான் சொல்வேன்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. முழங்கைக்குப் பின்னால் இருந்த புகைபோக்கி முப்பது கிலோமீட்டர் தள்ளி, வானுயரத்துக்குப் போய்விடுகிறது. கார்பன் மோனாக்சைடு இல்லை. எரியாத பெட்ரோல் இல்லை. சத்தத்தில் பத்து டெசிபெல் குறைந்தாலே, மேலே சொன்ன வாய்ப்பாட்டின்படி காது தாங்கும் நேரம் பத்து மடங்காகிறது. அதிர்வும் குறைவு. மெஷினைப் பிடித்திருக்கும் மனிதனுக்கு இது போதுமான காரணம்.

நெய்வேலியிலும் மூக்குகள் உண்டு, நிலமும் உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கத்துக்கான கால்வாய்க்காக, பயிர் நின்ற நெல் வயலுக்குள்ளேயே பொக்லைன் இறங்கியதை இந்த மாவட்டம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. அதையும் புல் வெட்டிய கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

பெட்ரோலின் கட்சியிலும் ஒரு வாதம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கம்பங்கள் படுத்துவிட்டன, மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை. அன்றைக்குச் சாலைகளைத் திறந்துவிட்டது பெட்ரோல் ரம்பங்கள். சார்ஜ் ஏற்றிக்கொண்டு காத்திருந்தால் நடந்திருக்காது. புயல் வரும் கடற்கரையில் ஒன்றிரண்டு பெட்ரோல் மெஷின் இருக்கத்தான் வேண்டும். தினசரி வேலைக்கும் அதுவேதான் என்பது வேறு பேச்சு.

கையால் இயக்கும் கருவியைப் பற்றி மெஷின்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் சிரித்தார். "எங்க அப்பா கோனோ வீடர் தள்ளுனவரு சார்."

தெரியாதவர்களுக்காக: நீளமான கைப்பிடி, நுனியில் ஒரு மிதவை, அதன் பின்னால் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பார்த்த மாதிரி இரண்டு கூம்பு உருளைகள், அவற்றில் பற்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கண்டுபிடிப்பு. நெல் வரிசைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் தள்ளினால் களையைப் பிடுங்கிச் சேற்றிலேயே அமுக்கிவிடும். அங்கே அது அழுகி எருவாகும், மண்ணும் கிளறிக் காற்றோட்டம் பெறும். பெட்ரோல் வேண்டாம், பிளக் வேண்டாம், இடுப்பும் வளைய வேண்டாம். மடகாஸ்கரில் ஆன்றி த லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980களில் வடித்தெடுத்த ஒற்றை நாற்று முறை தமிழ்நாட்டுக்கு வந்து, செம்மை நெல் சாகுபடி என்றும் ராஜராஜன் 1000 என்றும் பெயர் பெற்றபோது, கோனோ வீடரும் கூடவே வயலில் இறங்கியது. காகிதத்தில் இதைவிட நல்ல களையெடுப்பான் கிடையாது.

"அப்பறம் ஏன் விட்டாரு?"

"தண்ணி நிக்கணுமே சார், ரெண்டு விரக்கட. எங்க ஊர்ல ஐப்பசில முட்டிக்கால் தண்ணி."

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் காவிரியின் கடைமடை. கீழணையும் வீராணமும் அனுப்புகிற தண்ணீர் ஒருபுறம், வடகிழக்குப் பருவமழை ஒருபுறம், வடியவிடாத களிமண் ஒருபுறம். கோனோ வீடர் கேட்பது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தண்ணீர், நூல் பிடித்த வரிசை. களை எடுக்கும் பருவத்தில் வயல் ஏரியாகிவிடுகிறது. ஆள் பற்றாக்குறையால் நேரடி விதைப்புக்குப் போன வயலில் கைவீச்சில் தெளித்த விதைக்கு வரிசையே கிடையாது. கனமான களியில் நாலு முறை தள்ளினால் தோள் கழன்றுவிடும். கையால் இயங்குகிற கருவி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த மண்ணில், எவ்வளவு தண்ணீரில், யாருடைய தோளில் என்று கேட்க வேண்டும். அவர் அப்பா கடைசியில் களைக்கொல்லிக்குப் போனார். மகன் மெஷினைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வந்துவிட்டார்.

ஆனி மாத மழையில் மனைகள் மறுபடி பச்சையாகின. அதே மனிதர் வந்தார். இந்த முறை கையில் இருந்தது பேட்டரி மெஷின், தெரிந்தவரிடம் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தது. பேட்டரி இரண்டு. வந்ததும் அவர் கேட்டது பெட்ரோல் காசு அல்ல.

"சார், ஒரு பிளக்கு கெடைக்குமா?"

காலி மனையில் பிளக் ஏது? எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துத் திண்ணையில் சார்ஜரை வைத்தோம். ஒரு பேட்டரி மெஷினில், ஒன்று திண்ணையில். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை வந்து மாற்றிக்கொண்டார். திண்ணையில் இருப்பது நிறைவதற்குள் மெஷினில் இருப்பது தீர்ந்துவிட, இடையிடையே சும்மா உட்கார வேண்டியதாகிவிட்டது. ஓரமாக மண்டியிருந்த நாணலில் மெஷின் திணறி நின்றது; அங்கே மட்டும் அரிவாளை எடுத்தார். எதிர் வீட்டுப் பாட்டி அந்த நாணலை ஒதுக்கிவிட்டு, கீழே இருந்த அறுகைத் தன் மாட்டுக்குக் கட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாதி மனை அன்றைக்கு முடியவில்லை. கூலி முழு நாளுக்குத்தான் என்று மனைக்காரரிடம் நான் போனில் பேச வேண்டியிருந்தது.

மூன்றாவது பேட்டரி மாற்றத்துக்குப் பிறகு, வெட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நின்றார். மெஷினைத் தோளிலிருந்து கழற்றாமலே சட்டைப்பையில் கை விட்டார். போன் அடித்திருக்கிறது. வெட்டுகிறபோதே அடித்தது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"சொல்லும்மா... இல்லம்மா, வேலைலதான் இருக்கேன்... ஆமா, கேக்குது, சொல்லு."